25 பேர் வரம்பு பொய். உங்கள் ஃபீடின் வரிசையைத் தீர்மானிப்பது எது?

கேள்வி இது: "முகநூலில் எனக்கு 1,800 நண்பர்கள். ஆனால் எப்போது திறந்தாலும் அதே இருபது இருபத்தைந்து பேர்தான் கண்ணில் படுகிறார்கள். '25 பேருக்கு மேல் காட்டாதபடி அல்காரிதத்தை மாற்றிவிட்டார்கள், இதில் ஒரு வணக்கம் போட்டால் சரியாகிவிடும்' என்று ஒரு பதிவு சுற்றுகிறதே, உண்மையா? எதைக் காட்டுவது என்று இந்தத் தளங்கள் எப்படித்தான் முடிவு செய்கின்றன? நம்மால் அதை மாற்ற முடியுமா?"

25 பேர் என்று ஒரு வரம்பு முகநூலில் கிடையாது. அந்தப் பதிவு பல வருடங்களாகப் பல மொழிகளில் நகலெடுத்து ஒட்டப்பட்டு வருகிறது. ஆனால் அதைப் போட்டவர்கள் சிலர் "எனக்கு வேலை செய்தது" என்று சொல்வதில் பொய்யில்லை. வணக்கம் சொன்னவருக்கும் உங்களுக்கும் இடையே புதிதாக ஒரு தொடர்பு பதிவாகிறது. அதனால் அவருடைய அடுத்த பதிவுகள் உங்கள் வரிசையில் மேலே ஏறுகின்றன. இல்லாத வரம்பு ஒன்று உடைந்ததுபோல் தோன்றுகிறது. நடந்தது வரிசை மாற்றம் மட்டுமே.

முதலில் பதிவுகளின் கூட்டம் எவ்வளவு என்று பாருங்கள். ஒருவர் ஒருமுறை உள்ளே வரும்போது அவருக்குக் காட்டத் தகுதியான பதிவுகள் சராசரியாக 1,500 இருப்பதாக முகநூல் 2013இல் சொன்னது. அது நண்பர்களும் பக்கங்களும் போட்டவற்றின் கணக்கு. பின்தொடராத ஆட்களின் ரீல்ஸும் இன்று சேர்ந்துவிட்டதால் தேர்ந்தெடுக்க வேண்டிய குவியல் அதைவிடப் பல மடங்கு பெரிது. நீங்களோ ஒரு நேரத்தில் முப்பது, நாற்பது பதிவுகளைப் பார்ப்பீர்கள். மீதி எல்லாம் எங்கோ வடிகட்டப்பட்டாக வேண்டும்.

அந்த வடிகட்டல் எல்லாத் தளங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பெரிய குவியலிலிருந்து சில நூறு அல்லது ஆயிரம் பதிவுகளை மலிவான கணக்கால் வேகமாக அள்ளுவார்கள். அள்ளியதில் ஒவ்வொன்றுக்கும் விலை கூடிய கணக்கால் மதிப்பெண் போடுவார்கள். கடைசியில், ஒரே ஆளின் பதிவு தொடர்ந்து வராமல், ஏற்கெனவே பார்த்தது திரும்ப வராமல், விதிமீறல்கள் நுழையாமல் கலைத்து அடுக்குவார்கள். பின்தொடராதவர்களின் பதிவுகளைப் பரிந்துரைக்கும் இன்ஸ்டாகிராமின் எக்ஸ்ப்ளோர் பக்கத்துக்கு 2019இல் அவர்களின் பொறியாளர்கள் சொன்ன எண்கள்: 500 பதிவுகளை எடுத்து, அவற்றை 150 ஆக்கி, பிறகு 50 ஆக்கி, கடைசியில் 25.

இதை ஊகமில்லாமல், எண்களோடு பார்க்க நமக்குக் கிடைத்த நல்ல சான்று ட்விட்டர் (இன்றைய எக்ஸ்). 2023 மார்ச் 31 அன்று அவர்கள் தங்கள் பரிந்துரை அமைப்பின் பெரும்பகுதியைப் பொதுவில் வைத்தார்கள். அதன்படி ஒரு நாளைக்குச் சுமார் 50 கோடி பதிவுகள் வருகின்றன. அவற்றிலிருந்து உங்களுக்காக 1,500 பதிவுகள் அள்ளப்படுகின்றன. சராசரியாக அதில் பாதி நீங்கள் பின்தொடர்பவர்களுடையது, பாதி மற்றவர்களுடையது. பிறகு 4.8 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள்) கொண்ட ஒரு நரம்பு வலையமைப்பு, அதாவது தரவிலிருந்து பழகிக் கணிக்கும் நிரல், ஒவ்வொரு பதிவையும் எடுத்து, "இந்த ஆள் இந்தப் பதிவை என்ன செய்வார்?" என்று நிகழ்தகவு (நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற எண்) சொல்கிறது. லைக் போடுவாரா, பதில் எழுதுவாரா, பகிர்வாரா, எரிச்சலில் "இது வேண்டாம்" என்று அழுத்துவாரா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிகழ்தகவு. ஒவ்வொரு நிகழ்தகவையும் ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதே அந்தப் பதிவின் மதிப்பெண். அப்போது வெளியிட்ட எடைகளில் சில:

லைக்: 0.5
மறுபகிர்வு: 1
பதில் எழுதுவது: 13.5
நீங்கள் எழுதிய பதிலுக்குப் பதிவிட்டவர் வினையாற்றுவது: 75
"வேண்டாம்" என்று சொல்வது, தடுப்பது, ஒலியடக்குவது: கழித்தல் 74
புகார் செய்வது: கழித்தல் 369

இந்த எண்கள் வந்தவுடன் "ஒரு பதில் 27 லைக்குக்குச் சமம்" என்று எல்லா இடத்திலும் எழுதினார்கள். அது தவறான வாசிப்பு. எடை பெருக்கப்படுவது விழுந்த லைக்குகளின் எண்ணிக்கையோடு அல்ல, நீங்கள் அதைச் செய்யக்கூடிய நிகழ்தகவோடு. லைக் அடிக்கடி நடப்பது, அதனால் அதன் எடை சிறியது. புகார் மிக அரிது, அதனால் அதன் எடை பெரியது. ஒவ்வொரு செயலும் மதிப்பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய சமமாகப் பங்களிக்க வேண்டும் என்றுதான் முதலில் இந்த எடைகளை வைத்ததாக அந்த ஆவணமே சொல்கிறது. பின்னர் அவ்வப்போது திருத்தியிருக்கிறார்கள், இன்றைய எண்கள் வேறாகவே இருக்கும். கணக்கின் அமைப்புதான் நமக்கு முக்கியம்.

அதைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். பின்வரும் நிகழ்தகவுகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முதல் பதிவு, உங்கள் ஊர் ஏரியைப் பற்றிய அழகான குறிப்பு. நீங்கள் லைக் போட வாய்ப்பு 10%, பகிர 2%, பதில் எழுத 1%, "வேண்டாம்" சொல்ல 0.1%. கணக்கு: 0.05 + 0.02 + 0.135 – 0.074 = 0.131. இரண்டாவது பதிவு, யாரோ ஒரு நடிகரின் ரசிகர்களைச் சீண்டுவது. லைக் 2%, பகிர்வு 1%, பதில் 4%, "வேண்டாம்" 0.3%. கணக்கு: 0.01 + 0.01 + 0.54 – 0.222 = 0.338. லைக் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, வெறுப்பு மூன்று மடங்கு, ஆனாலும் சண்டைப் பதிவு இரண்டரை மடங்கு மதிப்பெண்ணோடு மேலே உட்காருகிறது. இயந்திரத்துக்கு ஏரியின் மேல் பகையில்லை. நீங்கள் சும்மா இருக்க முடியாமல் பதில் எழுதிவிடுவீர்கள் என்று அது சரியாகக் கணித்திருக்கிறது.

"உங்களுக்குப் பிடித்ததைக் காட்டுகிறோம்" என்று தளங்கள் சொல்வதை இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். அளக்கப்படுவது நீங்கள் செய்யப்போவது. பிடித்துச் செய்ததா, ஆத்திரத்தில் செய்ததா, தூக்கம் வராமல் செய்ததா என்ற பாகுபாடு அந்த எண்ணில் இல்லை. எந்தச் செயலுக்கு எவ்வளவு எடை என்பதை இயந்திரம் தானாகக் கண்டுபிடிப்பதும் இல்லை. ஒரு நிறுவனத்தின் அறையில் ஆட்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவு அது. "எல்லாம் அல்காரிதம் செய்வது" என்று சொல்லும்போது இந்த ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு முகநூலின் 2018 மாற்றம் சான்று. ஜனவரியில், "அர்த்தமுள்ள உறவாடலுக்கு" முன்னுரிமை தருவதாக அறிவித்தார்கள். 2021இல் முகநூலின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில் அதன் புள்ளிப் பட்டியல் இருந்தது: லைக் 1 புள்ளி, எமோஜி வினையும் வெறும் பகிர்வும் 5 புள்ளி, நீளமான கமெண்ட் 30 புள்ளி. நோக்கம் நல்லதுதான், சும்மா பார்ப்பதைவிடப் பேசிக்கொள்வது மேல் என்ற எண்ணம். ஆனால் நீளமான கமெண்டை எளிதில் வரவழைப்பது தகராறு. போலந்தில் ஒரு கட்சியின் சமூக ஊடகக் குழு, பாதிக்குப் பாதியாக இருந்த தங்கள் பதிவுகளில் எதிர்மறையானவை 80 சதவீதம் ஆகிவிட்டன என்று கணக்கிட்டதும் அதே ஆவணங்களில் இருக்கிறது. கோப முகத்துக்கும் அப்போது இதய முகத்துக்கு நிகரான புள்ளிதான். கோப முகம் அதிகம் விழும் பதிவுகளில் பொய்த் தகவல் கூடுதலாக இருப்பதை அவர்களின் ஆய்வாளர்களே கண்ட பிறகு, 2020 செப்டம்பரில் அதன் எடையைச் சுழியமாக்கினார்கள். ஒரே ஓர் எண். அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது.

யூடியூப் வேறு எண்ணில் தடுமாறியது. 2012க்கு முன்பு அது பெரிதாக மதித்தது கிளிக்கை. விளைவு, பொய்யான முகப்புப் படமும், உள்ளே ஒன்றுமில்லாத வீடியோவும். 2012இல் பார்த்த நேரத்துக்கு மாறினார்கள். அவர்களின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, லட்சக்கணக்கான வீடியோக்களில் இருந்து சில நூறை ஒரு வலையமைப்பு அள்ளும், இன்னொன்று ஒவ்வொன்றையும் எத்தனை நேரம் பார்ப்பீர்கள் என்று கணித்து வரிசைப்படுத்தும். கிளிக் பொறி குறைந்தது, ஆனால் பத்து நிமிடச் செய்தியை நாற்பது நிமிடமாக இழுப்பது லாபமானது. பிறகு "இந்த வீடியோ எப்படி இருந்தது?" என்று கேட்டு நட்சத்திரம் வாங்கும் கருத்துக்கணிப்புகளையும் கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் கேள்வி வரும்போது தள்ளிவிடாமல் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். பார்த்ததற்கும் திருப்திக்கும் உள்ள இடைவெளியை அவர்கள் அறியும் சில வழிகளில் அது ஒன்று.

இன்ஸ்டாகிராமில் மூன்று விஷயங்கள் முதன்மையானவை என்று அதன் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில் சொன்னார்: பார்த்த நேரம், லைக், ஒருவருக்குத் தனியாக அனுப்புவது. ஏற்கெனவே பின்தொடர்பவர்களை எட்ட லைக் சற்றுக் கூடுதலாக உதவும். தெரியாதவர்களை எட்ட, டிஎம்மில் (தனிச் செய்தியில்) அனுப்பப்படுவது உதவும். ரீல்ஸ் போடுகிறவர்கள் இதை மனதில் வைத்தால் பல விஷயம் விளங்கும். "இதை அம்மாவுக்கு அனுப்பணும்" என்று தோன்ற வைக்கும் ஒரு ரேஷன் கார்டு விளக்கம், நூறு ஹேஷ்டேக்கைவிட அதிகம் பயணிக்கும்.

தமிழில் போட்டதை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் புரிந்துகொள்ளத் தேவையே இல்லை. ஒரே வீடியோவை யார் யார் சேர்ந்து பார்க்கிறார்கள் என்பதை வைத்தே அது வேலை செய்கிறது. வத்தக்குழம்பு வீடியோவைப் பார்த்தவர்கள் பலர் மண்பானை பழக்கும் வீடியோவையும் பார்த்தால், இரண்டும் அதன் எண் வரைபடத்தில் அருகருகே வந்துவிடும். நீங்களும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி, உங்களுக்கு அருகில் இருப்பது உங்களுக்கு வரும். மொழி அறிவு உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு: வெறுப்புப் பேச்சையும் பொய்யையும் கண்டுபிடித்துக் கீழே இறக்குவது. இந்தி, வங்காளத்தில் அதற்கான கருவிகள் போதாததால் வன்முறையைத் தூண்டும் பதிவுகள் இந்தியாவில் பிடிபடாமல் போனதை முகநூலின் உள் ஆவணங்களே ஒப்புக்கொண்டன. ஐம்பது கோடிப் பேர் பேசும் இந்திக்கே அதுதான் நிலை. ஒரு பதிவைப் பரப்பத் தமிழறிவு வேண்டாம், தடுக்க வேண்டும் என்ற இந்த ஏற்றத்தாழ்வை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன்.

வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வரி. அங்கே உரையாடல்களில் இப்படி மதிப்பெண் போடும் வரிசை இல்லை. குடும்பக் குழுவில் வருவது எல்லாம் மனிதர்கள் அனுப்பியது, நேர வரிசையில் வருவது. அங்கே பொய் பரவுவதற்கு அல்காரிதத்தைக் குறை சொல்ல முடியாது.

பதிவு போடுகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: "என்னை ஒளித்துவைத்துவிட்டார்களா?" முதலில் ஊகத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் அமைப்புகளுக்குள் 'அக்கவுன்ட் ஸ்டேட்டஸ்' என்ற பகுதி இருக்கிறது. உங்கள் பதிவுகள் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கத் தகுதியானவையா, எந்தப் பதிவால் தகுதி போனது என்று அங்கே தெரியும். அங்கே எல்லாம் சரியாக இருந்தும் எட்டுகை (பதிவு போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை) குறைந்தால், காரணம் பெரும்பாலும் தண்டனையாக இருக்காது. முதல் கட்டச் சோதனையில் விழுந்திருப்பீர்கள். பிடிக்கும் என்று கணித்த சிறு கூட்டத்துக்கு முதலில் காட்டி, அவர்கள் பார்த்த விதத்தை வைத்து அடுத்த பெரிய கூட்டத்துக்குப் போவதுதான் முறை. முதல் இரண்டு மூன்று வினாடியில் நகர்த்திவிட்டுப் போகிறவர்கள் அதிகமானால் அங்கேயே நின்றுவிடும். "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பார்க்கப்போறது" என்று தொடங்கும் வீடியோக்கள் அந்த வினாடிகளை வீணாக்குகின்றன. செய்து முடித்த பொருளை முதலில் காட்டிவிட்டு, பிறகு செய்முறைக்குப் போங்கள்.

பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்குவதும், "நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னை" என்ற குழுக்களும் வெளிப்படையான தீங்கு. அப்படிச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் விஷயத்தில் அக்கறையில்லை. உங்கள் பதிவு அவர்கள் முன்னே வரும்போது நகர்த்திவிடுவார்கள், அதுவே உங்களைப் பற்றிய கணிப்பை இறக்கும். அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுவதும் இப்போது எடுபடாது. 30 நாளில் 10 முறையோ அதற்கு மேலோ பிறருடையதை அப்படியே போடும் கணக்குகளைப் பரிந்துரையிலிருந்து எடுத்துவிடுவதாக இன்ஸ்டாகிராம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. வேறு செயலியின் முத்திரை தெரியும் ரீல்ஸுக்கும் 2021 முதலே முன்னுரிமை குறைவு. கமெண்டுக்குப் பதில் சொல்வது பயன் தருமா என்றால், ட்விட்டரைப் பொறுத்தவரை மேலே சொன்ன 75 என்ற எடையே பதில். ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2025 மார்ச் 31 முதல் யூடியூபில் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ ஆகிவிடும். அந்த எண் உயர்ந்ததை வளர்ச்சி என்று எண்ணாதீர்கள். சேனல் நடத்துகிறவர்களுக்கான 'யூடியூப் ஸ்டூடியோ'வில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் நகர்த்தினார்கள் என்ற விகிதத்தைப் பாருங்கள்.

பார்க்கிறவர் என்ன செய்யலாம்? சும்மா நகர்த்துவதைவிட, சொல்லிவிட்டு நகர்த்துவது மேல். ஆனால் எல்லாப் பொத்தானும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. மோசில்லா அறக்கட்டளை 2022இல் யூடியூபைச் சோதித்தபோது, 'டோன்ட் ரெகமண்ட் சேனல்' பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 43 சதவீதத்தைத் தடுத்தது. பார்த்த வரலாற்றிலிருந்து அழிப்பது 29 சதவீதம், டிஸ்லைக் 12 சதவீதம், 'நாட் இன்ட்ரஸ்டட்' 11 சதவீதம்தான். ஆகவே வீடியோவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, சேனலையே நிறுத்துங்கள். ஒரு தப்பான வீடியோவைத் திறந்துவிட்டால் அன்றே 'வாட்ச் ஹிஸ்டரி' போய் அதை நீக்குங்கள். வரலாற்றையே முழுதாக அழித்து நிறுத்தி வைத்தால், 2023 ஆகஸ்டிலிருந்து யூடியூப் முகப்பில் பரிந்துரையே காட்டாமல் வெறுமையாக விடுகிறது. தேடிப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

கோபம் வந்தால் கமெண்டில் திட்டாதீர்கள். திட்டுவதும் ஒரு கமெண்ட்தான், அதற்கும் எடை உண்டு. மறுத்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் பதிவின் படத்தை எடுத்து உங்கள் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

முகநூலில் விட்டுப்போன நண்பர்களைப் பிடிக்க, மெனுவில் 'ஃபீட்ஸ்' என்பதற்குள் 'ஃப்ரெண்ட்ஸ்' போங்கள். அங்கே நேர வரிசை, பரிந்துரை கிடையாது. உங்கள் கேள்விக்கு நேரடியான தீர்வு இதுதான். 'ஃபேவரிட்ஸ்' பட்டியலில் 30 பேர் வரை சேர்த்தால் அவர்கள் மேலே வருவார்கள். இன்ஸ்டாகிராமில் அதே பட்டியலில் 50 பேர் வரை சேர்க்கலாம், 'ஃபாலோயிங்' என்ற நேர வரிசைப் பார்வையும் உண்டு. பரிந்துரைகளை 30 நாள் தூங்கவைக்கும் வசதியும், எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கும் வசதியும் 'கன்டென்ட் ப்ரிஃபரன்சஸ்' பகுதியில் இருக்கின்றன. அழித்த பிறகு முதலில் எதில் நின்று பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். வேறு தகவல் இல்லாத நேரத்தில் அந்தச் சில வினாடிகளை வைத்துத்தான் புதிய கணிப்பு கட்டப்படும்.

நேர வரிசைக்கு மாறினால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஆயிரக்கணக்கானவர்களின் முகநூல், இன்ஸ்டாகிராம் ஃபீடுகளை நேர வரிசைக்கு மாற்றி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி அவர்கள் செலவிட்ட நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் நம்பகமற்ற இடங்களிலிருந்து வரும் செய்திகள் கூடின, அரசியல் கருத்துகளில் பெரிய மாற்றம் இல்லை. அதிகம் பதிவிடுகிறவர் நேர வரிசையில் எப்போதும் மேலே இருப்பார், அவர் நல்லதைப் பதிவிடுகிறார் என்று பொருளில்லை. யாரைப் பின்தொடர்கிறோம் என்பதையும் கூடவே சலிக்க வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் கோளாறு ஒன்று பாக்கி. ஒரே போனில் பாட்டி பக்திப் பாடல் கேட்பார், பேரன் பொம்மை வீடியோ பார்ப்பான், அப்பா இரவில் அரசியல் விவாதம் பார்ப்பார். கணக்கு ஒன்று என்பதால் மூவரும் இயந்திரத்துக்கு ஒரே ஆள். அப்பாவுக்காக வந்த விவாதத்தின் அடுத்த வீடியோ, பேரன் கையில் போன் இருக்கும்போது தானாக ஓடும். கணக்குப் படத்தைத் தொட்டு ஆளுக்கொரு கணக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 'யூடியூப் கிட்ஸ்' தனிச் செயலியை வையுங்கள். அவசரத்துக்குப் போனைக் கொடுக்க வேண்டியிருந்தால் பார்த்தது கணக்கில் பதிவாகாத 'இன்காக்னிட்டோ'வைப் போட்டு, அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் 'ஆட்டோபிளே'யை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.